சாமிக்கும் கள்ளுக்கும் இருநூறு கெஜம்

ஐந்து வருஷத்துக்கு முன்னால் திருத்தணிக் கள்ளுக்கடைக்குப் பூட்டுப் போட்டவர் கஜபதிதான். பூட்டோடு விட்டாரா என்றால் இல்லை. கடை வாசலில் நின்று, குடியின் தீமையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் அன்றோடு கடைசி என்று வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தவர்கள். ஆகையால் தேம்பித் தேம்பி அழுதார்கள். அந்த அழுகை தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று கஜபதி இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார். சம்பங்கி மாலை ஒன்றும் போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனபோது மனைவி காஞ்சனா அதை மோந்து பார்த்துவிட்டு, "மாலையிலயே வாடை வருதே" என்றாள்.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, மார்கழி. பூட்டச் சொன்ன சர்க்காரே திறக்கச் சொல்லிவிட்டது. யுத்தம் நடக்கிறது, கஜானாவுக்கு வரும்படி வேண்டும், எனவே ஜனங்கள் தேகாரோக்கியத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம் என்பது அதன் சாரம். ஜனவரி முதல் தேதி கடை நடக்க வேண்டும். கடைக்கு இடம் பார்க்க வேண்டியவர் ரெவினியூ இன்ஸ்பெக்டர். அதாவது கஜபதி.

"இன்ஸ்பெக்டர்" என்று ஊர் கூப்பிட்டது. காகிதத்தில் அவர் இன்னும் குமாஸ்தாதான். ஆறு வருஷமாகத் தற்காலிக இன்ஸ்பெக்டர். தற்காலிகம் என்கிற வார்த்தையை அவர் அளவுக்கு நீட்டியவர்கள் அந்த ஜில்லாவில் குறைவு. அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு ஒரு வழியாக வந்துசேர்ந்து, தாசில்தார் பாலசுப்பிரமணியனின் மேஜை டிராயரில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"இந்த மாசம் முப்பத்தொண்ணுக்குள்ள இடம் முடிவாகணும்" என்றார் தாசில்தார். "முடிஞ்சா அன்னைக்கே உம்ம ஆர்டர்ல கையெழுத்து. முடியலைன்னா பழைய நாற்காலி இருக்கவே இருக்கு. நான் சொல்றது புரியுதா கஜபதி?"

"புரியுது சார். பழைய கடை இருந்த இடத்துலயே வெச்சுட்டா என்ன சார்?"

தாசில்தார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். குடியை விட்டவர்களுக்குப் பொழுது போக வேண்டும் என்று, பூட்டிய கடையைச் சர்க்காரே பஜனைக் கூடமாக மாற்றியிருந்தது. ஒரு முருகன் படம், இரண்டு ஜோடி ஜால்ரா. நடுவில் வந்த மழையில் ஜால்ரா ஒன்று களிம்பேறிவிட்டாலும், பதிவேட்டில் அந்தக் கூடம் வழிபாட்டு ஸ்தலம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து, ஜனங்கள் நடந்துபோகும் வழியாக அளந்தால் இருநூறு கெஜத்துக்குக் குறையக் கூடாது என்று புது விதி சொன்னது. கடை இருந்த இடத்திலிருந்தே கடை இருநூறு கெஜம் தள்ளிப் போக வேண்டியிருந்தது.

"ஊருக்கு வெளிய பொட்டல்ல வெச்சா குத்தகைக்கு எவனும் வரமாட்டான்" என்று தாசில்தார் கடைசியாகச் சொன்னார். "ஊருக்குள்ளயே பாரும்."

மறுநாள் காலையில் கஜபதியும், சங்கிலிக்காரர் நசருல்லாவும் இறங்கினார்கள். நசருல்லா அரக்கோணத்துக்காரர். நிலம் அளக்கிற இருபத்திரண்டு கெஜச் சங்கிலியை இருபது வருஷமாகத் தோளில் போட்டுப் போட்டு, சங்கிலி இல்லாத நாளிலும் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பவர். வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாதவர். ஆகையால் இந்த விஷயத்தில் நிதானமாக யோசிக்கக்கூடிய ஒரே ஆள்.

கடை வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் கஜபதிக்கு ஆச்சரியம். வேண்டும், ஆனால் வேறு தெருவில் வேண்டும். நெசவுக்காரர் தெருவில் ஒரு காலி மனை, கோயில் குளம் எதுவும் பக்கத்தில் இல்லை, அருமையாக அமைந்தது. சாயங்காலம் அளந்து குச்சி நட்டுவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல். அதற்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை. எதிரே கௌரியம்மாள் என்கிற தெருக்காரி பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது நேத்து இல்லையே அம்மா" என்றார் கஜபதி.

"முந்தாநேத்து நீங்களுந்தான் இங்க இல்ல. நேத்து வந்து குச்சி நட்டீங்க இல்ல? அத்த மாதிரி அம்மனும் வந்துச்சு."

நசருல்லா அவர் காதருகே வந்தார். "துணி தோய்க்கிற கல்லு சார் இது. போன வாரம் என் சட்டையே இதுல தான் அடி வாங்குச்சு."

"சும்மா இருங்க பாய்" என்றார் கஜபதி. செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லுக்கு ஒரு கும்பிடும் போட்டார். விதியில் எத்தனை நாள் வயசான சாமி என்று சொல்லவில்லை.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் பார்த்தார்கள். அங்கே ஒரு முனீஸ்வரன் முளைத்தார். வண்டிப்பேட்டையில் நாகம்மா. மார்க்கெட்டுக்குப் பின்னால், ஐந்து வருஷமாக மாடு கட்டியிருந்த கொட்டகை ராத்திரியோடு ராத்திரியாகத் திண்ணைப் பள்ளிக்கூடமாகி, ஏழு பிள்ளைகள் "அ" எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு மீசை இருந்தது. பதினோரு இடம் அளந்ததில் ஊரில் எட்டு சாமி கூடிப்போயிற்று. கஜபதி செய்த காரியங்களிலேயே பக்தியை இவ்வளவு வளர்த்தது வேறொன்றில்லை.

ஆறாம் நாள் மத்தியானம், வெயிலில் சோர்ந்துபோய், இருவரும் மலையடிவாரத்தில் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். கஜபதி டிராயரை நினைத்துக்கொண்டிருந்தார். நசருல்லா மலையை அண்ணாந்து பார்த்தார்.

"சார், சாமி மேல தான இருக்குது?"

"மேலதான்."

"ஜனங்கள்லாம் இந்தப் படி வழியாத் தான போறாங்க?"

"ஆமாம்."

"அப்ப வழியில தான அளக்கணும்?"

கஜபதி எழுந்து நின்றார். முதல் படிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய சுண்ணாம்புக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் கோயில் கிடையாது. கோயில் எதற்கு, மலைமேல் முருகனே இருக்கும்போது என்று இந்த ஒரு இடத்தில் மட்டும் யாரும் கல் நடவில்லை. முன்னூற்று அறுபத்தைந்து படியிலும் சங்கிலியைப் படியப் படியப் போட்டு, வியர்க்க விறுவிறுக்க மேலே போய், திரும்பி வந்து கணக்குப் பார்த்தார்கள். பத்தரைச் சங்கிலி. இருநூற்று முப்பத்தொரு கெஜம்.

ஆக, திருத்தணியில் கடவுளிடமிருந்து சட்டப்படி தூரமாக இருக்கும் ஒரே இடம் கடவுளின் வாசல்தான் என்பது நிரூபணமாயிற்று. தாசில்தார் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கஜபதி, நீர் ஆறு வருஷம் தற்காலிகமா இருந்தது அநியாயம்" என்றார். கொட்டகையைக் குத்தகைக்கு எடுக்க உடனே ஆளும் வந்துவிட்டான். வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள்.

முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்து நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று மறுநாள் காலையில் கஜபதி கிளம்பினார். முதல் படிக்குப் பக்கத்தில் மணியம்மை கூடை வைத்துத் தேங்காயும் சூடமும் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் கூடைக்கு அருகே, மூங்கில் தண்டில் கட்டிய டோலியின்மேல் சாய்ந்து அவள் புருஷன் வேடியப்பன் உட்கார்ந்திருந்தான். படியேற முடியாத கிழவர் கிழவிகளை டோலியில் வைத்து மலைக்குத் தூக்கிப் போவது அவன் தொழில். முன் தண்டு அவன், பின் தண்டு அவன் மச்சான்.

"ஒரு தேங்காய் கொடும்மா."

"உங்களுக்குத் தேங்கா இல்லீங்க."

கஜபதி கூடையைப் பார்த்தார். நிறைய இருந்தது. "இதெல்லாம் என்ன?"

"அது சாமிக்கு."

"நானும் சாமிக்குத்தான் கேட்கிறேன்."

"நீங்க சாமிக்கு இருநூறு கெஜம் குடுத்துட்டீங்களே, அது போதாதா? தேங்கா வேறயா?" மணியம்மை சூடத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே பேசினாள், நிமிரவில்லை. "அன்னைக்கு ரெண்டு பேரும் சங்கிலி இழுத்துக்கினு ஏறனீங்க. குழா போடறதுக்கு அளக்கறாங்க, எங்க தண்ணிக் கஷ்டம் தீர்ந்துதுன்னு உங்களுக்கு மோர் குடுத்தேன். குடிச்சீங்க இல்ல?"

"ஆமாம்."

"என் வூட்டுக்கு எத்தினி கெஜம் குடுத்தீங்க?"

கஜபதிக்கு விதி மனப்பாடம். "வீட்டுக்குன்னு ரூல்ல எதுவும் இல்லையம்மா" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அசடாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

"இருக்காது. சாமி குடிக்காது, பள்ளிக்கூடம் குடிக்காது, ஆசுபத்திரி குடிக்காது. அதுங்களுக்கெல்லாம் தூரம் குடுத்தீங்க. குடிக்கறவனுக்குப் பக்கத்துல கொண்டாந்து வெச்சீங்க."

"வுடு மணி" என்றான் வேடியப்பன். ஆள் பனைமரம் மாதிரி இருப்பான். குரல் அதற்குப் பொருத்தமில்லாமல் மெல்லியது. "அவரு இன்னா பண்ணுவாரு, பாவம். மேல இருந்து சொல்றாங்க." பிறகு கஜபதியைப் பார்த்தான். "கடை பூட்டறதுக்கு முன்ன நான் சரியான குடிகாரன் சார். ஒரு நாளு நெல்லூர்ல இருந்து ஒரு வயசான அம்மா. போட்டுக்கினு போறேன். நூத்தி நாப்பதாம் படியில காலு பின்னிக்கிச்சு. அந்தம்மா உருண்டு, இடுப்பு போயிடுச்சு."

கஜபதி அண்ணாந்து படிகளைப் பார்த்தார்.

"திட்டுவாங்கன்னு பார்த்தா, படுத்துக்கினே என் மொகத்தத் தொட்டு, 'நைனா, உனக்கு அடிகிடி பட்டுதா'ன்னு கேட்டுச்சு. அத்த தான் சார் தாங்க முடில. திட்டியிருந்தா போய் ரெண்டு மொந்த குடிச்சுட்டுப் படுத்திருப்பேன்."

"அதோட விட்டுட்டியா?"

"எங்க வுட்டேன். அத்தயும் நெனச்சு நெனச்சுக் குடிச்சேன். நீங்க வந்து பூட்டுனப்பறந்தான் நின்னுச்சு. உங்க பேச்சுக்கு நான் கூட அழுதேன் சார்." கஜபதிக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது. "இன்னா பேசுனீங்கன்னு ஞாபகம் இல்ல" என்று முடித்தான் வேடியப்பன்.

"அஞ்சு வருஷமா மணவூர்ல கடை நடக்குதே. அது வேற ஜில்லா. ஊர்ல பாதிப் பேர் ரயில் ஏறிப் போறாங்க" என்றார் கஜபதி.

"நானும் கெளம்பியிருக்கேன். டேசனுக்குப் போணும், ரயிலுக்குக் காத்துக்கினு இருக்கணும். அதுக்குள்ள புத்தி வந்துடும், திரும்பிடுவேன். எனக்குப் புத்தி வர்றதுக்கு அரைமணி நேரம் ஆவுது சார். இங்க இருந்து அந்தக் கொட்டாய்க்கு எத்தினி அடி, நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளத் தூக்கிக்கினு முன்னூத்தி அறுவத்தஞ்சு படி ஏறுவேன். அந்த முப்பதடியத் தாண்டி நடக்க என்னால முடியாது."

இதை அவன் தன்னைப் பற்றியதாகச் சொல்லவில்லை, டோலியில் ஒரு கயிறு இற்றுப்போனதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். கஜபதி தேங்காய் இல்லாமலே மலையேறினார். சந்நிதியில் நின்றபோது எதற்காக நன்றி சொல்ல வந்தோம் என்பதே தட்டுப்படவில்லை.

வீட்டில் காஞ்சனாவிடம் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இடத்த மாத்திட்டா என்னாகும்?"

"டிராயர்ல இருக்கிறது டிராயர்லயே இருக்கும். நான் குமாஸ்தா."

"இன்ஸ்பெக்டர் சம்சாரம்னு பால்காரன் தண்ணி கம்மியா ஊத்தறான்" என்றாள் காஞ்சனா. கொஞ்ச நேரம் கல்லைப் பொறுக்கினாள். "உங்களுக்கு மனசு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க. அப்புறம் ராத்திரியில புரண்டு புரண்டு படுத்து என் தூக்கத்தக் கெடுக்கக் கூடாது."

மனசு எப்படியும் தோன்றவில்லை. அதுதான் சங்கடம். அளந்தது சரி, விதி சரி, ரிப்போர்ட் ஜில்லாத் தலைமையிடமான சித்தூருக்குப் போயாயிற்று. இரக்கத்தைக் காரணம் காட்டி எழுத எந்தச் சர்க்கார் படிவத்திலும் கட்டம் இல்லை. கஜபதி வீரரும் அல்ல. பேனாவை எடுப்பார், பென்ஷனை நினைப்பார், பேனாவைக் கீழே வைப்பார். இப்படியே மூன்று நாள் போய், முப்பத்தொன்றாம் தேதியும் விடிந்துவிட்டது.

வருஷத்தின் கடைசி நாளில் படிக்குப் படி பாட்டுப் பாடி மலையேறுவது திருத்தணி வழக்கம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, ஒரு பாட்டை முடித்த பிறகே அடுத்த படி. எங்கெங்கிருந்தோ பஜனைக் கோஷ்டிகள் வந்திருந்தன. காலை வெயிலில் முதல் படியைச் சுற்றி ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் கொட்டகைக்கு வெள்ளையடித்து முடித்து, ஏணி போட்டு ஒருவன் "லைசென்ஸ் பெற்ற கள்ளுக்கடை" என்று பலகை மாட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் திறப்பு.

கூட்டத்தைச் சமாளிக்கக் கஜபதியும் நசருல்லாவும் நின்றிருந்தார்கள். முதல் படிப் பூஜை அந்த வருஷம் தாசில்தாருடையது. சட்டையில்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெற்றி கொள்ளாத விபூதியோடு வந்தார். படிக்குப் பூச்சாத்தினார். தேங்காய் உடைத்தார். சூடம் ஏற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தலை முதல் படியிலும், கால் கொட்டகையைப் பார்த்தும் இருந்தன. தாசில்தார் நல்ல உயரம். இருந்தாலும் இன்னும் ஐந்தாறு தாசில்தார்களைப் போட்டால் கடை வாசல் வந்துவிடும் என்று கஜபதிக்குப் பட்டது.

அப்போதுதான் அவருக்குத் தன் தப்பு தெரிந்தது. இந்த ஊரில் பிறந்து, இந்தப் படியில் வருஷா வருஷம் சூடம் ஏற்றியவன், படியை வழி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

வாய் திறக்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. "சார், இப்ப யாருக்கு நமஸ்காரம் பண்ணீங்க?"

தாசில்தார் எழுந்து விபூதியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "யாருக்குன்னா? படிக்கு."

"படி சாமியா சார்?"

பாட்டு நின்றது. ஜால்ராக்காரர் ஒரு ஜால்ராவை அந்தரத்தில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். இருநூறு பேர் தாசில்தாரின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இல்லை என்று சொல்ல எந்தத் தாசில்தாராலும் முடியாது.

"சாமி இல்லாம பின்ன?" என்றார் அவர், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "முன்னூத்தி அறுபத்தஞ்சும் சாமிதான்."

"முதல் படியும்?"

"முதல் படிதான்யா முக்கியம்."

"பாய், சங்கிலியக் கொண்டாங்க" என்றார் கஜபதி.

நசருல்லா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சூடம் அணைந்துவிடாமல் சங்கிலியின் முனையைப் பூவுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, கொட்டகை வாசலுக்கு நடந்தார். ஏணியில் இருந்தவன் பலகையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரைச் சங்கிலி சார். பதினோரு கெஜம்."

கூட்டத்தில் யாரோ "முருகா" என்றார்கள். மணியம்மை கூடையை விட்டு எழுந்து நின்றிருந்தாள். தாசில்தார் கஜபதியின் கையைப் பிடித்து, கொட்டகைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"உமக்கு மூளை கலங்கிப்போச்சா? படி வழின்னு எழுதினது நீர்தானே?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

"சித்தூருக்கு நான் என்ன பதில் சொல்றது? டிராயர்ல என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்." கஜபதி கையை விடுவித்துக்கொண்டார். "அது அங்கயே இருந்துட்டுப் போகட்டும் சார்."

தாசில்தார் அவரை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் கோஷ்டி இரண்டாம் படிக்கு அவரைக் கூப்பிட்டது. போக வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவர் மிச்சம் முன்னூற்று அறுபத்து நான்கு சாமியையும் பல்லைக் கடித்துக்கொண்டே கும்பிட்டார்.

கடை முதல் தேதி திறக்கவில்லை. பத்து நாள் கழித்து, ஊருக்கு மூன்று மைல் தள்ளி ஒரு பொட்டலில் திறந்தது. நிழல் இருந்தால் சாமி வந்துவிடும் என்று, மரமே இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்தார்கள்.

கஜபதி பழைய நாற்காலிக்குப் போனார். அதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, "முன்னாள் தற்காலிக இன்ஸ்பெக்டர் கஜபதி அளவையில் காட்டிய அஜாக்கிரதை"க்கு விளக்கம் கேட்டுத் தாசில்தார் எழுதிய நோட்டீஸைச் சுத்தப் பிரதி எடுப்பது. மூன்று பிரதி எடுத்தார். ஒன்று சித்தூருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று தனக்கு.

தாசில்தார் கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் நிறுத்தினார். "உமக்கு நோட்டீஸ், உம்ம கையெழுத்துலயே. சங்கடமா இல்லையா?"

"இருக்குது சார். வேற யாராவது எழுதினா அடித்தல் திருத்தல் வரும்."

தாசில்தார் கையெழுத்துப் போட்டார். கஜபதி தனக்குரிய பிரதியைத் தானே பெற்றுக்கொண்டதாகத் தானே எழுதிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினார். சேதி தெரிந்த அன்றைக்கே பால்காரன் தண்ணீரைக் கூட்டிவிட்டதாகக் காஞ்சனா காலையில் சொல்லியிருந்தாள். "வெயில்ல சங்கிலி புடிக்கறதுக்கு நெழல்ல பேனா புடிக்கலாம்" என்றும் சொன்னாள். அது ஆறுதலா, கேலியா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைத்தெரு முனையில் வேடியப்பன் எதிரே வந்தான். தோளிலிருந்து துண்டை எடுத்தான்.

"ஞாயித்துக்கெழம நானும் கெளம்பிட்டேன் சார், அந்தப் பொட்டலுக்கு."

கஜபதி நின்றார்.

"ஒரு மைலு போயிட்டேன். அப்பறம் திரும்பி வந்துட்டேன்."

"ஏன்?"

வேடியப்பன் தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். "கால் வலி சார்."

தினம் நாலு தடவை ஆளைத் தூக்கிக்கொண்டு மலையேறி இறங்குகிற கால் அது. கஜபதி அந்தக் காலையும், அவன் முகத்தையும் பார்த்தார். ஒரு மைல் போனானா, மூன்று மைலும் போனானா, கிளம்பவே இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அளந்து பார்க்கிற வேலை இப்போது அவருடையது அல்ல.

"வெந்நீர் ஊத்திக்க" என்றார். "போ, மணியம்மை தேடுவா."

"ஆங் சார்" என்று வேடியப்பன் நேராகத்தான் நடந்து போனான்.